புல் வெட்டும் மெஷினும் வீட்டுப் பிள்ளைகளும்: முதன்முதலாக வாங்குவோருக்கு

மே மாத மழை பிடித்து இரண்டு கிழமை போனால் போதும், கொழும்பில் முற்றத்துப் புல் கணுக்காலைத் தாண்டிவிடும். அதற்குள் கிடக்கும் சிரட்டையிலும் யோகட் கப்பிலும் தண்ணீர் தேங்கும், நுளம்பு பெருகும், டெங்கு பார்க்க வரும் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கேற்றடியில் நிற்பார். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ மாடி வீட்டில் இருந்தவரை இந்தத் தொல்லை இல்லை. வத்தளைப் பக்கமோ பத்தரமுல்லைப் பக்கமோ ஒரு துண்டு நிலத்தோடு வீடு எடுத்தவர்களுக்கு முதல் மழையிலேயே கேள்வி வந்துவிடும்: ஆளைக் கூப்பிடுவதா, மெஷின் வாங்குவதா?

வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் வீட்டில் பிள்ளைகள் இருந்தால், மெஷின் வாசலுக்கு வரும் முன்பே சில விஷயங்களைத் தீர்மானித்துவிட வேண்டும். பெட்டிக்குள் வரும் புத்தகம் எந்த நட்டை எங்கே பூட்டுவது என்று சொல்லும். ஐந்து வயதுப் பிள்ளை ஓடித் திரியும் வீட்டில் அந்த மெஷினோடு எப்படி வாழ்வது என்று விரிவாகச் சொல்லாது. இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

முதலில் என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். "கிட்ட வராதே!" என்று எவ்வளவு கத்தினாலும் பிள்ளைக்கு அந்தக் கருவியின் மேல் மதிப்பு வராது. நாம் அதை எப்படித் தொடுகிறோம், எப்படி நிறுத்துகிறோம், எங்கே வைக்கிறோம் என்பதை ஒவ்வொரு முறையும் பார்த்துப் பார்த்துத்தான் வரும். ஆகவே கீழே சொல்லும் பாதுகாப்பு முறைகளில் பாதி உங்கள் விரலுக்காக, மீதி உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்களுக்காக.

அந்தப் பிளேட் என்ன செய்யும்

சுழலும் பிளேட்டின் நுனி வேகத்துக்கு அமெரிக்கத் தரநிர்ணயம் வைத்திருக்கும் உச்ச வரம்பு நிமிடத்துக்கு 19,000 அடி. கணக்குப் பார்த்தால் மணிக்கு ஏறக்குறைய 350 கிலோமீற்றர். அந்த நுனியில் ஒரு சரளைக்கல் பட்டால் அது எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. நம்முடைய வீடுகளில் முற்றம் என்பது பெரும்பாலும் மதிலுக்கும் கார் நிறுத்தும் இடத்துக்கும் இடைப்பட்ட சின்னத் துண்டுதான். கல் மதிலில் பட்டுத் திரும்பி வரும், காரின் கண்ணாடியில் படும், ஒழுங்கையில் சைக்கிள் ஓடும் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் முகத்திலும் படும்.

இன்னொன்று, சுவிட்ச்சை அணைத்த உடனே பிளேட் நிற்காது. சத்தம் அடங்கிவிடும், பிளேட் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் சத்தத்தை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். சத்தம் நின்றால் ஆபத்து முடிந்தது என்று நினைத்து ஓடி வருவார்கள். அமெரிக்காவில் 1982இலிருந்து, நடந்து தள்ளும் மெஷின்களில் கைப்பிடியை விட்டு 3 செக்கனுக்குள் பிளேட் நின்றாக வேண்டும் என்று விதி இருக்கிறது. இங்கே கடைகளில் எல்லாத் தரத்திலும் மெஷின் கிடைக்கிறது. கொழும்பில் பழைய சோனகத் தெருப் பக்கம் வாங்கப் போனாலும் சரி, பெரிய ஷோரூமுக்குப் போனாலும் சரி, ஒரு தரம் ஓடவிட்டு, கைப்பிடியை விட்டதும் எவ்வளவு நேரத்தில் நிற்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். கைப்பிடியை விட்ட பிறகும் தொடர்ந்து ஓடும் மெஷின் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு வேண்டாம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

எந்த மெஷின்

சின்ன முற்றம், அதில் மலேசியன் புல்லோ பஃபலோ புல்லோ மட்டுமென்றால், கையால் தள்ளும் உருளை மெஷினே போதும். 1830இல் இங்கிலாந்தில் எட்வின் படிங் என்பவர் அமைத்த அதே முறைதான் இன்றும்: சில்லு உருண்டால் பிளேட் உருளும், சில்லு நின்றால் பிளேட்டும் நிற்கும். இரைச்சல் இல்லை, பெற்றோல் இல்லை, கல்லை அதிகம் எறியாது. என்னைக் கேட்டால் சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். ஆனாலும் ஒரு எச்சரிக்கை. ஒருவர் பிளேட்டில் விரலை வைத்திருக்க, மற்றவர் மெஷினை ஓரங்குலம் தள்ளினாலே விரல் போய்விடும். இதையும் பூட்டித்தான் வைக்க வேண்டும். மழைக்காலத்தில் புல்லை உயர விட்டுவிட்டால் இது இழுக்காது. வாரத்துக்கு ஒரு தடவை தள்ளும் பழக்கம் இருப்பவர்களுக்கே சரிவரும்.

கரண்ட் மெஷினில் பிளேட்டோடு வயரும் ஆபத்து. நம்முடைய மின்சாரம் 230 வோல்ட். வயரைப் பிளேட் வெட்டும் விபத்து சாதாரணமாக நடப்பது. ஆகவே வீட்டின் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள். அதில் ஒரு சின்ன டெஸ்ட் பொத்தான் இருக்கும். அமர்த்தினால் வீட்டுக் கரண்ட் உடனே போக வேண்டும். போகவில்லை என்றால் மெஷினைத் தொடாமல் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பழைய வீடுகளில் இது இல்லாமலே இருக்கலாம், 30 மில்லி அம்பியரில் விழும் ட்ரிப் சுவிட்ச் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். உருளையில் சுற்றி வரும் எக்ஸ்டென்ஷன் வயரை முழுவதும் அவிழ்த்துவிட்டுப் பாவியுங்கள், சுற்றியபடியே விட்டால் சூடேறி உருகும். பிளக் இருக்கும் பக்கத்தில் வெட்டத் தொடங்கி அதற்கு எதிர்ப்பக்கமாகப் போனால் வயர் எப்போதும் உங்கள் முதுகுக்குப் பின்னால், வெட்டி முடிந்த இடத்தில் கிடக்கும்.

பற்றரி மெஷினில் வயர்த் தொல்லை இல்லை. அதனாலேயே பிள்ளை பொத்தானை அமர்த்தி ஓடவைப்பதும் சுலபம். வேலை முடிந்ததும் பற்றரியைக் கழற்றி அலுமாரிக்குள் வையுங்கள், மெஷின் வேறு இடம், பற்றரி வேறு இடம்.

தோளில் மாட்டும் பிரஷ் கட்டர்தான் கொழும்பில் அதிகம் காண்பது. காடாய் வளர்ந்த புல்லுக்கு அது தேவை. ஆனால் வீட்டு முற்றத்தில் இரும்பு பிளேட் போட்டு ஓட்டுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தங்கூசி (நைலோன்) நூல் போதும். தங்கூசியும் கல்லை எறியும், தோலைக் கிழிக்கும், கண்ணைக் கெடுக்கும். இரும்பு பிளேட் கல்லிலோ வேரிலோ பட்டால் மெஷினையே பக்கவாட்டில் உதைத்துத் தள்ளும். பிரஷ் கட்டர் ஓடும்போது மற்றவர்கள் 15 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும் என்று தயாரிப்பாளர்களே மெஷினில் படம் போட்டு ஒட்டியிருப்பார்கள். நம்முடைய முற்றங்களில் 15 மீற்றர் எங்கே இருக்கிறது? ஆகவே 'தள்ளி நில்' என்பதற்கு இங்கே 'வீட்டுக்குள் போ' என்றுதான் பொருள்.

வெட்டத் தொடங்கும் முன்

மழை பெய்து ஈரம் காயாத புல்லை வெட்ட வேண்டாம். கால் வழுக்கும், புல் பிளேட்டில் அடைக்கும், அடைத்தால் கை உள்ளே போகும். கரண்ட் மெஷினென்றால் ஈரத்தில் சுவிட்ச் போடுவதே கூடாது. காலைப் பனி காய்ந்து ஒன்பது, பத்து மணிக்குத் தொடங்குவது நல்லது. போயா நாளில் பக்கத்தில் பன்சலை இருந்தால் நேரம் பார்த்துத் தொடங்குங்கள், அயலவர்களோடு மனக்கசப்பு வராது.

உடுப்பில் விட்டுக்கொடுக்க வேண்டாம். மூடிய சப்பாத்து, நீளக் காற்சட்டை, கண்ணுக்குப் பிளாஸ்டிக் பாதுகாப்புக் கண்ணாடி. வெயிலுக்குப் போடும் கூலிங் கிளாஸ் இதற்கு ஆகாது, கல் பட்டால் உடையும். பெற்றோல் மெஷினென்றால் காதுக்கும் ஏதாவது வேண்டும். வெக்கையாக இருக்கிறதென்று பாட்டாச் செருப்போடு ஒரு தரம் இறங்கினால், பிள்ளைக்கு நீங்கள் ஒரு வருடமாகச் சொன்னது அன்றைக்கே போய்விடும். செருப்போடு வெட்டலாம் என்பதுதான் அவன் மனதில் நிற்கும்.

அப்புறம் முற்றத்தை ஒரு சுற்று நடந்து பொறுக்க வேண்டும். கல், சிரட்டை, விழுந்த தென்னங்குரும்பை, கம்பித் துண்டு, கொடியில் இருந்து விழுந்த உடுப்புக் கிளிப், பிள்ளையின் விளையாட்டுக் கார், தீபாவளிக்குக் கொளுத்திப் போட்ட மத்தாப்புக் கம்பி. இதில் மத்தாப்புக் கம்பியை யாரும் நினைப்பதில்லை. புல்லுக்குள் கிடந்து துருப்பிடித்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது, பிளேட் எடுத்து வீசினால் அம்புதான். டெங்குவுக்காகச் சிரட்டை பொறுக்கும் அதே சுற்றில் இதையும் முடித்துவிடலாம். முழங்கால் உயரப் புல்லென்றால் கையை உள்ளே விடாமல் ஒரு தடியால் விலக்கிப் பாருங்கள், பாம்பு இருக்கக்கூடும்.

காரை வெளியே எடுத்துவிடுங்கள், அல்லது எதிர்ப்பக்கம் விடுங்கள். கேற்றைப் பூட்டுங்கள். நாயைக் கட்டுங்கள். பக்கத்து வீட்டு ஜன்னல் தாழ்வாக இருந்தால் ஒரு சொல் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமானது: பிள்ளை யார் கையில்? "வீட்டில் எல்லாரும் இருக்கிறார்கள்" என்பது பதில் அல்ல. எல்லாரும் இருக்கும் வீட்டில் யாரும் பார்க்காமல் இருப்பது நடக்கும். அம்மம்மாவோ, மாமாவோ, மனைவியோ, ஒருவரின் பெயரைச் சொல்லி, "நான் நிறுத்துமட்டும் தம்பி உங்களோடு" என்று ஒப்படைத்துவிட்டுத்தான் மெஷினைத் தொட வேண்டும். ஒப்படைக்க ஆள் இல்லை என்றால் அன்றைக்குப் புல் வளரட்டும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது

மெஷினை முன்னால் தள்ளியே வெட்டுங்கள், பின்னுக்கு இழுத்து வெட்ட வேண்டாம். இழுக்கும்போது உங்கள் கால் பிளேட்டுக்கு வரும், உங்களுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதும் தெரியாது.

போனை வீட்டுக்குள் விட்டுவிட்டுப் போனால் ஒரு பிரச்சினை வரும். போன் அடிக்கும், பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு "அப்பா, போன்!" என்று ஓடி வரும், உங்களுக்கு இரைச்சலில் கேட்காது, அது நேரே உங்கள் முதுகுப் பக்கம் வந்து நிற்கும். ஆகவே போனைச் சத்தமில்லாமல் ஆக்கி வையுங்கள். உங்களைக் கட்டாயம் கூப்பிட வேண்டியிருந்தால் எப்படிக் கூப்பிடுவது என்று வீட்டில் பேசி வையுங்கள். பெரியவர் ஒருவர் வராந்தாவில், உங்கள் முகம் பார்க்கும் திசையில் நின்று ஒரு வெள்ளைத் துவாயை ஆட்டட்டும். பின்னால் வந்து தோளில் தட்டக் கூடாது, மனைவியாக இருந்தாலும். நீங்கள் துவாயைக் கண்டால் உடனே நிறுத்த வேண்டும், "இந்த ஒரு வரி மட்டும் முடித்துவிட்டு" என்று இழுக்கக் கூடாது.

பெற்றோல், அடைப்பு

2022இல் பெற்றோல் வரிசையில் நின்றவர்களுக்கு எரிபொருளை வீட்டில் சேர்த்து வைக்கும் பழக்கம் எப்படி வந்தது என்று சொல்லத் தேவையில்லை. அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வாங்குவது ஒரு தரத்துக்குத் தேவையான அளவு. வைப்பது பெற்றோலுக்கென்றே உள்ள கானில். இடம் சமையலறையும் அல்ல, சாமியறைக்குப் பக்கமும் அல்ல, விளக்கும் காஸ் அடுப்பும் இல்லாத, பிள்ளைக்கு எட்டாத ஒரு வெளி இடம். சோடாப் போத்தலில் பெற்றோல் ஊற்றி வைக்கவே கூடாது. டூ ஸ்ட்ரோக் மெஷினுக்கு ஒயில் கலந்தால் பெற்றோலின் நிறம் மாறும். அதே போத்தல், நிறமான திரவம். தாகத்தோடு வரும் பிள்ளைக்கு அது குடிக்கும் சாமான்தான். கலவை அளவு மெஷினுக்கு மெஷின் வேறு, பெற்றோல் தாங்கி மூடியில் பார்த்துக் கலவுங்கள். 50க்கு 1 என்றால் ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர், 25க்கு 1 என்றால் 40.

சூடான என்ஜினில் பெற்றோல் ஊற்ற வேண்டாம். பாதியில் முடிந்துவிட்டால் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள், அதற்குள் ஆறிவிடும்.

புல் அடைத்துவிட்டால் கை நேராக அங்கே போகத்தான் பார்க்கும். போகவிடாதீர்கள். என்ஜினை நிறுத்தி, பிளேட் அசையாமல் நிற்கும்வரை பார்த்து, பிறகு ஸ்பார்க் பிளக்கின் கறுப்பு ரப்பர் மூடியைப் பிடுங்கி ஒதுக்கி விடுங்கள். கரண்டென்றால் சுவரில் பிளக்கைக் கழற்றுங்கள், பற்றரியென்றால் பற்றரியை எடுங்கள். இது ஏன்? நடந்து தள்ளும் பெற்றோல் மெஷினில் பிளேட்டைக் கையால் சுற்றினால் என்ஜினும் சுற்றும், நிறுத்திய என்ஜின் ஒரு தரம் உதைத்துப் பிடித்துக்கொள்ளக்கூடும். அந்த ஒரு தரம் போதும். மூடியைப் பிடுங்கிய பிறகும் கையால் அல்ல, ஒரு தடியால் புல்லைத் தள்ளி எடுங்கள். உருளை மெஷினில் சிக்கிய குச்சியை எடுத்ததும் இறுகியிருந்த பிளேட் ஒரு துள்ளுத் துள்ளும், அங்கும் தடிதான்.

பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது

"மெஷின் பேய், பிடித்துத் தின்னும்", "பொலிஸ் வரும்" என்று பயமுறுத்துவது நம் வீடுகளில் வழக்கம். இரண்டு கிழமையில் பிள்ளை கண்டுபிடித்துவிடும், பேயும் வரவில்லை, பொலிஸும் வரவில்லை என்று. அதன் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் நம்பாது. உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்: "இதுக்குள்ளே கத்தி இருக்கு. சுத்தும்போது கண்ணுக்குத் தெரியாது. கல்லைத் தூக்கி எறியும். அதால நாங்க ஓடும்போது கிட்டப் போறதில்லை." மூன்று வயதுப் பிள்ளைக்கும் இது விளங்கும்.

ஐந்து வயதுக்குள் ஒரே ஒரு விதி போதும். மெஷின் சத்தம் கேட்டால் வீட்டுக்குள். நம் வீட்டு மெஷின், பக்கத்து வீட்டு மெஷின், மாநகரசபைக்காரர் தெருவோரம் வெட்டும் மெஷின், எதுவானாலும் இதே விதி. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களின் அக்கடமி ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை மெஷின் ஓடும்போது வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கச் சொல்கிறது. நான் அந்த வயதை இன்னும் கூட்டுவேன், நம்முடைய முற்றங்களின் அளவைப் பார்த்து. ஜன்னலோரம் ஒரு கதிரை போட்டுக் கொடுங்கள். அங்கே இருந்து பார்ப்பது தண்டனையாகத் தெரியக் கூடாது, அது பிள்ளையின் இடம். விளையாட்டுக் கடையில் விற்கும் பிளாஸ்டிக் புல் மெஷினை வாங்கிக் கொடுத்து அப்பாவுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு நடக்கவிடுவது பார்க்க அழகாக இருக்கும். வேண்டாம். அப்பா வெட்டும்போது பின்னால் போவதுதான் வழமை என்று நாமே பழக்குகிறோம்.

வாழை மட்டையால் ஒரு பாடம் இருக்கிறது. பிள்ளை ஜன்னலுக்குப் பின்னால், பெரியவர் ஒருவரின் மடியில். வளவு மூலையில் வெட்டிப்போட்ட பச்சை வாழை மட்டை ஒன்றை நிலத்தில் நட்டு, பிரஷ் கட்டரின் தங்கூசியை அதில் ஒரு கணம் படவிடுங்கள். மட்டை நார்நாராகப் பிய்ந்து சிதறும். மெஷினை நிறுத்தி, மூடியைப் பிடுங்கி, அந்த மட்டையை உள்ளே கொண்டுபோய்ப் பிள்ளையின் கையில் கொடுங்கள். ஒரு பக்கம் முழு மட்டை, மறுபக்கம் தும்பு. பிள்ளை விரலால் தடவிப் பார்க்கும், பிறகு தங்கூசியைப் பார்க்கும், "இந்த நூலா?" என்று கேட்கும். ஆம், அந்த நூல்தான். நீங்கள் அதற்கு மேல் எதுவும் சொல்லத் தேவையில்லை.

ஐந்து, ஆறு வயதிலிருந்து, மெஷின் செத்துக் கிடக்கும்போது பிள்ளையைக் கிட்டக் கூப்பிடலாம். பிளக் மூடி கழற்றியதை முதலில் காட்டுங்கள், "இதைக் கழற்றினால்தான் அப்பா கிட்டப் போவார்" என்று. பிளேட்டைக் காட்டுங்கள், தொடவிட வேண்டாம். சில்லையும் கைப்பிடியையும் துடைக்கக் கொடுக்கலாம். நவராத்திரி முடிவில் ஆயுத பூசை வருகிற வீடுகளில் கத்தி, மண்வெட்டி, அலவாங்கோடு மெஷினையும் வையுங்கள். பிள்ளை கையால் சந்தனமும் குங்குமமும் வைக்கட்டும், அன்றைக்கு யாரும் எந்தக் கருவியையும் எடுக்காமல் இருப்பதைப் பார்க்கட்டும். இந்த வழக்கத்தில் பிள்ளை கற்பது மிக நல்ல பாடம் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். பூசை இல்லாத வீடுகளில் மாதத்துக்கு ஒரு நாள் எல்லாக் கருவிகளையும் எடுத்துத் துடைத்து எண்ணெய் பூசி அடுக்கும் வழக்கம் வைத்துக்கொண்டால் அதுவும் சரிதான்.

உண்மையில் முதல் பள்ளிக்கூடம் சமையலறைதான். திருவலையில் தேங்காய் துருவும் அம்மா எழும்பும்போது அதை மடித்தோ சுவரோரம் திருப்பியோ வைக்கிறாரா? கத்தியைக் கையில் நீட்டாமல் பலகையில் வைத்து "எடு" என்கிறாரா? நம் பாட்டிமார் கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டார்கள், தாண்டிப் போகவும் விடமாட்டார்கள். சகுனம் என்று சொன்னாலும் அதில் கைக்கும் காலுக்கும் பாதுகாப்பு இருக்கிறது. ஏழு, எட்டு வயதில் பக்கத்தில் இருந்து வெண்டிக்காய் நறுக்கப் பழக்குங்கள். கூரான கருவியைப் பயமில்லாமல், அவசரமில்லாமல் பிடிக்கப் பழகிய கைக்குத்தான் பின்னால் பெரிய கருவி பாரமாக இராது.

அந்த வயதில் பிள்ளைக்கு முற்றத்திலும் ஒரு உண்மையான வேலை கொடுங்கள்: பொறுக்கும் சுற்று. கையுறை, ஒரு வாளி, பக்கத்தில் நீங்கள், குட்டைப் புல்லில் மட்டும். பொறுக்கிய கல்லையும் கம்பியையும் கொட்டி, "இது பட்டிருந்தால் எங்கே போயிருக்கும்?" என்று கேளுங்கள். பிள்ளை காரின் கண்ணாடியைக் காட்டும், ஜன்னலைக் காட்டும். வெட்டி முடிந்து மெஷினைப் பூட்டிய பிறகு தும்புத்தடியால் புல்லைக் கூட்டுவதும் அவர்கள் வேலையாக இருக்கலாம். பொறுக்குவதும் கூட்டுவதும் பிள்ளையினது, நடுவில் உள்ளது பெரியவரினது. இப்படிப் பிரித்துவிட்டால் "நானும் வாறன்" என்று அழுவது குறையும்.

இன்னொரு உரிமையும் கொடுங்கள். யாராவது கேற்றைத் திறப்பதையோ நாய் அவிழ்ந்து ஓடுவதையோ கண்டால், பிள்ளை வராந்தாப் பெரியவரிடம் சொல்லித் துவாயை ஆட்டச் சொல்லலாம். நீங்கள் நிறுத்துவீர்கள். வந்தது வெறும் பூனையாக இருந்தாலும் ஏச வேண்டாம், "நல்லாப் பார்த்தாய்" என்று சொல்லிவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள்.

கனடாவிலோ அவுஸ்திரேலியாவிலோ இருக்கும் உறவுகளிடம் விடுமுறைக்குப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். அங்கே ஏறி ஓட்டும் பெரிய மெஷின் பல வீடுகளில் உண்டு. மாமா ஆசையாகப் பிள்ளையை மடியில் வைத்து ஓட்டுவார், போட்டோவும் எடுப்பார்கள். மரியாதையாக, ஆனால் உறுதியாக மறுத்துவிடுங்கள். மடியில் இருந்து வழுகி விழும் பிள்ளை பிளேட்டுக்குக் கீழேதான் போகும். ஒரு தரம் ஏறிய பிள்ளை அடுத்த தரம் ஏற்றச் சொல்லிப் பின்னால் ஓடி வரும், பின்னுக்கு எடுக்கும் மெஷினுக்கு அது தெரியாது.

ஆள் வந்து வெட்டும் நாளில்

கூலிக்கு வருபவர் கெட்டிக்காரராக இருப்பார், ஆனால் பாட்டாச் செருப்போடு, கண்ணாடி இல்லாமல், மெஷினின் காப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு வேலை செய்வதையும் காணலாம். "தகட்டைப் போட்டுத்தான் வெட்ட வேண்டும், அண்ணை" என்று பணிவாகச் சொல்லுங்கள். ஒரு கண்ணாடி வாங்கி வைத்திருந்து கொடுத்தால் பெரும்பாலும் மறுக்க மாட்டார். அவர் தன் மகனை உதவிக்குக் கூட்டி வந்தால், பையனை உள்ளே இருத்தித் தேத்தண்ணி கொடுங்கள், மெஷினுக்குப் பக்கத்தில் விடாதீர்கள். இலங்கையில் வேலைக்கு அமர்த்தும் ஆகக் குறைந்த வயது 2021இல் 14இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. சட்டம் ஒருபுறம் இருக்க, உங்கள் பிள்ளை ஜன்னலில் இருந்து அதே வயதுப் பிள்ளை மெஷினுக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்க்கிறது.

ஏதாவது நடந்துவிட்டால்

1990ஐ அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். இந்த எண்ணைப் பிள்ளைக்கும் பாடமாக்குங்கள், வீட்டு விலாசத்தோடு சேர்த்து.

இரத்தம் ஓடினால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்திப் பிடியுங்கள். துணி நனைந்தால் அதற்கு மேல் இன்னொன்று, எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம். கோப்பித்தூள், மஞ்சள், மண்ணெண்ணெய் ஒன்றும் போட வேண்டாம். விரல் துண்டாகிப் போனால் தேடி எடுங்கள். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக் கூடாது. பெரியவர்களென்றால் தேசிய வைத்தியசாலையின் விபத்துச் சேவைப் பிரிவு, பிள்ளைகளென்றால் பொரளையில் லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை. சின்னக் காயமானாலும் ஏற்புவலி ஊசி போட வேண்டுமா என்று கேளுங்கள்.

கண்ணில் கல்லோ கம்பியோ குத்தியிருந்தால் கசக்கவும் கூடாது, பிடுங்கவும் கூடாது. ஒரு கடதாசிக் கோப்பையைக் கண்ணுக்கு மேல் கவிழ்த்துப் பிடித்து, கண்ணை அழுத்தாமல், தேசிய கண் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

கரண்ட் அடித்துக் கிடப்பவரைத் தொடும் முன் மெயின் சுவிட்ச்சை அணையுங்கள். பெற்றோல் குடித்துவிட்ட பிள்ளையை வாந்தியெடுக்க வைக்காதீர்கள், அது நுரையீரலுக்குள் போனால்தான் பெரிய ஆபத்து. போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

எப்போது மெஷினைக் கையில் கொடுப்பது

நடந்து தள்ளும் மெஷினுக்கு 12 வயது, ஏறி ஓட்டுவதற்கு 16 என்று அதே அமெரிக்க அக்கடமி சொல்கிறது. இவை ஆகக் குறைந்த வயதுகள். பிரஷ் கட்டருக்கு, என் அபிப்பிராயத்தில், ஏறி ஓட்டும் மெஷினுக்குச் சொன்ன வயதே பொருந்தும். வயதைவிட நான் பார்ப்பது வேறு. ஒரு வேலையின் நடுவில் கூப்பிட்டால் அந்த இடத்திலேயே நிறுத்துகிறானா? யாரும் பார்க்காதபோதும் சப்பாத்துப் போடுகிறாளா? அலுப்பு வந்தால் "இன்றைக்குப் போதும்" என்று சொல்லத் தெரியுமா? இல்லையென்றால் 14 வயதானாலும் பொறுத்திருங்கள்.

முதல் நாள் மெஷினை ஓடவிடாமலே முற்றம் முழுக்கத் தள்ளட்டும். திரும்பும் இடம், மதில் ஓரம், வடிகால் பக்கம் எல்லாம் பழகட்டும். அடுத்தது, நிறுத்துவது: தொடங்கி உடனே நிறுத்தி, பிளேட் நிற்கும்வரை காத்திருந்து, பிளக் மூடியைப் பிடுங்குவது. இதை அலுக்காமல் செய்து காட்டினால் மட்டும் புல்லில் இறக்குங்கள், அதுவும் மட்டமான நடு முற்றத்தில், கொஞ்ச நேரம் மட்டும். நீங்கள் வராந்தாவில் அவர்களின் கண்ணுக்குத் தெரியும்படி, துவாயோடு நில்லுங்கள். அடைப்பு எடுப்பது, பிளேட் கழற்றுவது, பெற்றோல் ஊற்றுவது இந்த மூன்றும் இன்னும் சில வருடங்களுக்கு உங்கள் வேலையாகவே இருக்கட்டும். மெஷின் அறைத் திறப்பும் உங்கள் கையில்தான்.